ஜோடி சேர்க்கும் கூட்டம்

ரசிகர் ராஜ்ஜியம் – 9

ஒரு தொடரில் வரும் இருவர் காதலர்களாக வேண்டும் என்று பார்வையாளர்கள் ஆசைப்படுவதும், அதற்கான தடயங்களைக் காட்சிக்குக் காட்சி தேடுவதும், கதை கைவிரித்தால் தாங்களே எழுதிக்கொள்வதும் ரசிகர் உலகில் ‘ஷிப்பிங்’ எனப்படுகிறது. ரசிகர்கள் சேர்த்துவைக்கும் ஜோடி ‘ஷிப்’. அந்த ஜோடிக்காக வரிந்துகட்டி நிற்பவர் ‘ஷிப்பர்’. எல்லா வகைத் தொடர்களிலும் இது உண்டு என்றாலும், மந்திரமும் சாபமும் பேயும் பிசாசும் உலவும் மாயக்கதைத் தொடர்களில்தான் இதன் வேகம் அதிகம்.

இணையம் வருவதற்கு முன்பே தொடங்கிய பழக்கம் இது. அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ரசிகைகள், விண்கலத் தலைவன் கிர்க்கையும் அவனது அதிகாரி ஸ்பாக்கையும் காதலர்களாக வைத்து 1970களில் கதைகள் எழுதினார்கள். தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, தபாலில் அனுப்பிய சிற்றிதழ்களில் அவை வெளியாயின. இரு பெயர்களுக்கும் நடுவே அவர்கள் போட்ட சாய்கோடே ‘ஸ்லாஷ்’ என்று ஒரு கதைவகைக்குப் பெயரானது.

‘ஷிப்பர்’ என்ற பெயர் 1993இல் தொடங்கிய ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் ரசிகர்களிடம் பிறந்தது. மர்ம வழக்குகளைத் துப்பறியும் மல்டரும் ஸ்கல்லியும் காதலிக்க வேண்டும் என்றவர்கள் ‘ரிலேஷன்ஷிப்பர்’கள், நாளடைவில் பெயரின் வால் மட்டும் மிஞ்சியது. காதலே வேண்டாம் என்ற எதிரணிக்கு ‘நோரோமோ’ என்று பெயர். தொடரை எழுதியவர்கள் இரு அணியையும் சீண்டிக்கொண்டே இருந்தார்கள். 1998இல் வந்த திரைப்படத்தில் இருவரும் முத்தமிடப்போகும் நொடியில் ஒரு தேனீ ஸ்கல்லியைக் கொட்டிவிடுகிறது.

தடை பெரிதானால்

குடும்பத் தொடரில் காதலுக்குக் குறுக்கே நிற்பது பெற்றோர், பணம், பழைய பகை. எழுத்தாளர் நினைத்தால் நாலு அத்தியாயத்தில் தீர்த்துவிடலாம். மாயக்கதையில் தடைகளின் அளவே வேறு. ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ (1997–2003) தொடரில் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பள்ளி மாணவி பஃபி, ஏஞ்சல் என்ற ரத்தக்காட்டேரியையே காதலிக்கிறாள். பழைய சாபம் ஒன்றால் அவனுக்கு ஆன்மா திரும்பியிருக்கிறது. ஒரு நொடி முழு நிம்மதி அடைந்தால் அது மறுபடி பறிபோகும். காதல் கைகூடினால் காதலன் அரக்கனாவான் என்பதுதான் விதி. இப்படிக் கட்டிய கதையில் ஏக்கம் மட்டும் பருவம் பருவமாக வளரும். அந்த ஏக்கமே ஷிப்பருக்குத் தீனி.

எதிரிகளாக நிற்கும் இருவருக்கு நடுவே ஒரு கணம் இளகினால் போதும், புது ஜோடி பிறந்துவிடும். நிக்கலோடியன் ஒளிபரப்பிய ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ (2005–2008) அனிமேஷன் தொடர் இதற்கு நல்ல உதாரணம். கடாரா நீரை ஆளும் பெண். ஸூக்கோ அவளைத் துரத்திவரும் நெருப்பு நாட்டு இளவரசன். இரண்டாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் இருவரும் ஒரு படிகக் குகையில் சிறைவைக்கப்படுகிறார்கள். உன் நாட்டவரால் என் தாயை இழந்தேன் என்று அவள் அழ, தானும் தாயை இழந்தவன் என்கிறான் அவன். தந்தை சுட்ட தழும்பு அவன் முகத்தில் இருக்கிறது. தன்னிடமுள்ள புனித நீரால் அதை ஆற்றிப் பார்க்கலாம் என்று அவள் அந்தத் தழும்பைத் தொடுகிறாள். அதற்குள் சுவர் உடைந்து, கதாநாயகன் ஆங் வந்துவிடுகிறான். காட்சி அவ்வளவுதான்.

ஸூக்கோவையும் கடாராவையும் இணைத்து ‘ஸுடாரா’ என்று பெயரிட்டவர்களுக்கு அந்தத் தொடுகையே முதல் சாட்சி. கடாராவுக்கு ஆங்தான் பொருத்தம் என்ற ‘கடாங்’ அணியும் அதே அத்தியாயத்திலிருந்து பதில் சொல்கிறது: மின்னல் தாக்கி ஆங் விழுந்தபோது, அதே புனித நீரால்தான் கடாரா அவனைப் பிழைக்கவைக்கிறாள்.

விளையாட்டின் விதிகள்

இரு பெயர்களைக் கலந்து ஜோடிக்குப் பெயர் வைப்பது இந்த விளையாட்டின் முதல் சடங்கு. பஃபியும் ஏஞ்சலும் ‘பேஞ்சல்’. பஃபியும் ஸ்பைக் என்ற இன்னொரு ரத்தக்காட்டேரியும் ‘ஸ்பஃபி’. ‘தி வாம்பயர் டைரீஸ்’ (2009–2017) ரசிகர்கள், எலெனாவுக்கு அண்ணன் டேமனா தம்பி ஸ்டெஃபனா என்று ‘டெலெனா’, ‘ஸ்டெலெனா’ அணிகளாகப் பிரிந்து நின்றார்கள். தன் மனதுக்கு உகந்த ஒரே ஜோடி ‘ஓடிபி’. தொடரே ஒப்புக்கொண்டது ‘கேனன்’. வேண்டுமென்றே அபத்தமாகச் சேர்ப்பது ‘க்ராக் ஷிப்’. ஹாரி பாட்டர் ரசிகர்கள் மந்திரப் பள்ளியின் கோட்டைக் கட்டடத்தையும் ஏரியில் வாழும் ராட்சதக் கணவாயையும் ஜோடி சேர்த்தது இந்த ரகம்.

வாதத்துக்கு அடுத்த கட்டம் எழுத்து. லாப நோக்கற்ற அமைப்பு ஒன்று 2009இல் தொடங்கி, தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திவரும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற இணையக் களஞ்சியத்தில் ரசிகர் கதைகள் ஜோடிவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் காதல். உம்மைக் குறி இருந்தால் நட்பு. கிர்க்–ஸ்பாக் காலத்து வழக்கம் அங்கே நூலக முறையாகிவிட்டது. 2019இல் இந்தக் களஞ்சியத்துக்கு ஹ்யூகோ விருது கிடைத்தது.

படைப்பாளிகளின் பதில்

தொடரை எடுப்பவர்களுக்கும் இந்தக் கூத்து தெரியும். ‘அவதார்’ முடியும் தறுவாயில் வந்த ஓர் அத்தியாயத்தில், நாயகர்கள் தங்களைப் பற்றிய நாடகத்தைத் தாங்களே பார்க்கிறார்கள். மேடைக் கடாரா மேடை ஸூக்கோவிடம் காதலைச் சொல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் ஆங்குக்குப் பொறுக்கவில்லை. ‘சூப்பர்நேச்சுரல்’ தன் 200ஆவது அத்தியாயத்தில் (2014), பள்ளி மாணவிகள் நடத்தும் இசை நாடகம் வழியே, நாயகன் டீனும் தேவதூதன் காஸ்டியலும் ஜோடி என்ற ரசிகர் நம்பிக்கையை டீனின் காதிலேயே போட்டது. காஸ்டியல் தன் காதலை வாய்விட்டுச் சொன்னது 2020 நவம்பரில். சொன்ன கையோடு அவன் மடிகிறான். ‘பஃபி’யின் இறுதி அத்தியாயம் இரு அணிக்கும் முழு வெற்றி தரவில்லை. தான் இன்னும் வேகாத பிஸ்கட் மாவு என்று ஏஞ்சலிடம் சொல்லி நாள் கேட்கிறாள் பஃபி. காதலிக்கிறேன் என்று ஸ்பைக்கிடம் அவள் சொன்னதை அவனே நம்பவில்லை.

எல்லா நேரமும் இது வேடிக்கையாக இருப்பதில்லை. ‘பஃபி’யில் வில்லோ, டாரா என்ற இரு பெண்களின் காதல், அத்தகைய உறவுகளைத் திரையில் அரிதாகவே கண்ட பலருக்குச் சொந்தக் கதையாக இருந்தது. 2002இல் டாரா சுடப்பட்டு இறந்தபோது எழுந்த கோபத்தை ரசிகர் சண்டை என்று ஒதுக்க முடியாது. கதாபாத்திரங்களை விட்டு நடிகர்களின் சொந்த வாழ்வில் ஜோடி தேடும்போதும், எதிரணியினரை வசைபாடும்போதும் விளையாட்டு எல்லை மீறுகிறது.

ரசிகர்கள் சேர்த்துவைத்த ஜோடி கதையிலும் சேர்வது உண்டு. ‘அவதார்’ தொடரின் வழித்தோன்றலான ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’, 2014 டிசம்பரில் கோராவும் அசாமியும் கைகோத்து ஆவியுலகுக்குள் நடப்பதோடு முடிந்தது. அது காதலே என்று படைப்பாளிகள் சில நாளில் உறுதிசெய்தார்கள். பெரும்பாலான ஜோடிகளுக்கு அந்த யோகம் இல்லை. அதனால் ஷிப்பர்கள் ஓய்ந்துவிடுவதும் இல்லை. 2008இல் ‘அவதார்’ முடிந்தபோது கடாரா ஆங்குடன் சேர்ந்தாள். ஸுடாரா கதைகள் இன்றும் எழுதப்பட்டுவருகின்றன.

(தொடரும்)