ஆப்பிள் கிரம்பிள் ஏன் கஞ்சியானது?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் சமையலறை வேதியியல் பற்றி ஒரு பிற்பகல் நடவடிக்கை வைத்தோம். அதற்காக வீட்டிலேயே ஆப்பிள் கிரம்பிள் செய்து கொண்டுபோனேன். மேல்பகுதி பொன்னிறமாக நன்றாகத்தான் இருந்தது. கரண்டியை உள்ளே விட்டால் ஆப்பிள் துண்டு ஒன்றுகூட இல்லை, வெறும் கூழ். மூன்றாம் படிவ மாணவன் ஒருவன், "டீச்சர், இது கிரம்பிளா, ஆப்பிள் கஞ்சியா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஏன் அப்படி ஆனது என்று அன்று என்னால் சரியாக விளக்க முடியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

கிரம்பிள், இங்கிலாந்தில் இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு வீடு செய்யும் பலகாரம். நறுக்கிய ஆப்பிளின் மேல் மாவு, வெண்ணெய், சீனி மூன்றையும் பிசிறித் தூவி ஓவனில் வைத்தால் போதும். மாவைத் தேய்த்து மூடி செய்யும் வேலை இல்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கே ஆப்பிள் அறுவடை நடக்கும். பழம் பறிக்கும் பதத்தில் இருக்கிறதா என்று தோட்டக்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலைத் தடவுகிறார்கள்! நீங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே மாச்சத்துச் சோதனைதான். காயில் மாச்சத்து நிறைய இருப்பதால் வெட்டிய பக்கம் கருநீலமாகும். பழுக்கப் பழுக்க மாச்சத்து சர்க்கரையாக மாறுவதால், நடுப்பகுதியிலிருந்து வெளிநோக்கி அந்த நீலம் குறைந்துகொண்டே வரும்.

இனி என் கஞ்சிக்கு வருவோம். ஆப்பிளின் உயிரணுக்கள் செங்கற்கள் போல அடுக்கப்பட்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கற்களை ஒட்டவைக்கும் சிமெண்டுதான் பெக்டின். ஜாம் கெட்டியாவதும் இதே பெக்டினால்தான். புதிய ஆப்பிளைக் கடித்தால் 'கரக்' என்று சத்தம் வருகிறதே, அப்போது சிமெண்டு உறுதியாக இருப்பதால் செங்கற்களே உடைந்து சாறு தெறிக்கிறது. சூடாக்கும்போது பெக்டின் கரைகிறது. உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, பழம் குழைகிறது.

அடுப்பில் வைக்காமலே இதே வேலை நடப்பதும் உண்டு. ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. அது பழுப்பதைத் தூண்டும். பழுக்கும்போது நொதிகள் பெக்டினைச் சிறிது சிறிதாக அறுக்கின்றன. அதனால்தான் குளிர்பெட்டியில் பல வாரம் கிடந்த ஆப்பிள் வாயில் மாவு மாவாக இருக்கிறது. கடிக்கும்போது உயிரணுக்கள் உடையாமல் பிரிந்துவிடுகின்றன, சாறு உள்ளேயே தங்கிவிடுகிறது. நான் கிரம்பிளுக்குப் போட்டது அப்படி மிஞ்சிக் கிடந்த சிவப்பு ஆப்பிள்களைத்தான். ஓவனுக்குள் போகும் முன்பே அவை பாதி குழைந்தவை.

பழத்தின் இனமும் முக்கியம். இங்கிலாந்தில் சமையலுக்கென்றே பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிள் உண்டு. 1809-இல் நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி நட்ட விதையிலிருந்து வந்தது அது. (பெயர் கிடைத்ததோ, பிற்காலத்தில் அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்பவருக்கு!) வெந்ததும் அது பஞ்சுபோலக் குழைந்துவிடும்; அங்கே பலருக்கு அப்படிக் குழைந்தால்தான் கிரம்பிள். நம் கடைகளில் கிடைக்கும் பச்சை கிரானி சுமித்தும் புளிப்புதான், ஆனால் வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். ஆகவே புளிப்பை மட்டும் காரணம் காட்ட முடியாது. உயிரணுச் சுவரின் அமைப்பு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது.

செய்முறை எளிது. நான்கு கிரானி சுமித் ஆப்பிள்களைத் தோல்சீவி, விரல் கனத்துக்கு நறுக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி சீனி, அரை எலுமிச்சையின் சாறு, ஒரு தேக்கரண்டி பட்டைத் தூள் சேர்த்துக் கலக்குங்கள். வெட்டிய ஆப்பிள் கொஞ்சம் பழுப்பானால் கவலை வேண்டாம், மாவு மூடிவிடும். தட்டில் மேடாகவே குவியுங்கள். ஆப்பிளின் கனஅளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்று (அதனால்தான் நீரில் மிதக்கிறது), வேகும்போது அமுங்கிவிடும்.

மேலே தூவ 150 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் வெண்ணெய், 75 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெய் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதை விரல் நுனியால் மாவில் பிசிறும்போது கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றிக்கொள்கிறது. நீர் எளிதில் உள்ளே போக முடியாது, அதனால் ரொட்டிபோல இழுபடும் குளுட்டன் வலை உருவாகாமல் உதிரியாக நிற்கும். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் சட்டென்று இளகிப் பசையாகிவிடும். அப்படியானால் கிண்ணத்தோடு உறைபெட்டியில் 15 நிமிடம் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

180 பாகை செல்சியஸில் ஏறக்குறைய 40 நிமிடம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஓவன் 180 பாகையில் இருந்தாலும் கீழே உள்ள ஆப்பிள் ஏறக்குறைய 100 பாகையைத் தாண்டாது. அதில் நீர் இருக்கும்வரை, வரும் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. மேலே உள்ள மாவோ விரைவில் உலர்ந்துவிடும், உலர்ந்தபின் அதன் வெப்பநிலை 140 பாகைக்கு மேல் ஏறும். அப்போது புரதமும் சர்க்கரையும் சேர்ந்து மெயில்லார்ட் வினை நடக்கும். பொன்னிறமும் மணமும் அதிலிருந்து வருபவை. ஒரே தட்டில் கீழே அவியல், மேலே வறுவல்! மாவை அழுத்திவிடாமல் கட்டியும் தூளுமாக விட்டால் நீராவி இடைவெளி வழியே வெளியேறும். அழுத்தினால் மொறுமொறுப்பு போய்விடும்.

இந்த ஆண்டு அதே கழகத்தில் ஒரு தட்டை இரண்டாகப் பிரித்து மீண்டும் செய்தோம். ஒரு பக்கம் புதிய கிரானி சுமித், மறுபக்கம் மூன்று வாரம் வைத்திருந்த சிவப்பு ஆப்பிள். மேல்மாவும் சூடும் ஒன்றே. நீங்களும் வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம், சூடான தட்டை எடுக்கக் கையுறை வேண்டும். பச்சை ஆப்பிள் பக்கம் துண்டுகள் அப்படியே நின்றன, சிவப்புப் பக்கம் எதிர்பார்த்தபடி கூழ். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். இப்போது நான்காம் படிவத்தில் இருக்கும் அந்த மாணவன் பதில் சொல்லவில்லை, வாய் நிறைய இருந்தது. கஞ்சிப் பக்கம்தான் முதலில் காலியானது.