மூளைப் புற்றும் மூல உயிரணுவும்

மேச்சேரி ஆட்டின் பெயர் சேலம் ஜில்லாவுக்கு அப்பாலும் பிரசித்தம். அதை வாங்க வரும் குடியானவர், பல்லைப் பிடித்து வயதைப் பாராமல் மடியிலுள்ள பணத்தை அவிழ்க்க மாட்டார். அவரே, வீட்டில் ஒருவருக்கு மூளையில் புற்று என்று வைத்தியர் கூறிவிட்டால், "ஸ்டெம் ஸெல் செலுத்தினால் குணமாகும்" என்பவரிடம் ஒரு கேள்வியும் கேளாமல் நிலப் பத்திரத்தை நீட்டத் துணிகிறார். பாசம் அப்படிச் செய்விக்கிறது. ஆனால் இந்தச் சிகிச்சைக்கும் பார்க்க வேண்டிய அடையாளங்கள் உண்டு. அவற்றைக் குடும்பத்தார் யாவரும் அறிந்திருப்பது நலம்.

ஸ்டெம் ஸெல் என்பதை மூல உயிரணு எனலாம். அது தானும் பெருகும்; வேறு வகை உயிரணுக்களையும் ஈன்று தரும். எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல உயிரணுக்களே நமக்கு அன்றாடம் புது ரத்தம் அளிக்கின்றன. ரத்தப் புற்று கண்டவர்களுக்குப் பிறருடைய மஜ்ஜையைச் செலுத்தும் சிகிச்சை, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1986-ம் ஆண்டிலேயே துவங்கிவிட்டது. இன்று அது நிலைபெற்ற வைத்தியம். ரத்தத்தில் பலித்தது மூளையில் மட்டும் பலியாதா என்று கேட்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்திலேதான்.

மூளைப் புற்றுகளில் மிகக் கொடியவற்றுள் ஒன்று கிளையோபிளாஸ்டோமா. அறுகம்புல்லின் வேர்போல் அது மூளைக்குள் ஓடிப் பரவுகிறது. கத்தியால் முழுவதையும் அகற்ற இயலாது. ரத்தத்தில் செலுத்தும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை மூளையின் இயற்கை அரண் உள்ளே விடுவதில்லை.

2000-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எலிகளிடம் ஒரு விந்தையைக் கண்டனர். நரம்பு மூல உயிரணுக்கள் மூளையில் புற்று இருக்குமிடத்தைத் தாமே நாடிச் சென்றன! அப்படியானால் அவற்றிடமே மருந்தைக் கொடுத்தனுப்பினால் என்ன? காஷ்மீரத்திலிருந்து சென்று அமெரிக்காவில் ஆராய்ச்சி புரியும் டாக்டர் காலித் ஷாவின் குழுவினர், புற்றைக் கொல்லும் விஷத்தைச் சுரக்கவும், அவ்விஷத்தால் தாம் மடியாதிருக்கவும் மூல உயிரணுக்களை மாற்றியமைத்தனர். 2014-ல் அவர்கள் எலிகளிடம் வெற்றி கண்டது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி.

மனிதரிடமோ முயற்சி இன்னும் பாலப் பருவத்தைக் கடக்கவில்லை. 2021-ல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், புற்றை அழிக்கும் வைரஸைச் சுமந்த மூல உயிரணுக்கள் 12 நோயாளிகளுக்கு இடப்பட்டன. பெருந்தீங்கு விளையவில்லை, பாதிப் பேர் 18 மாதங்களுக்கு மேல் ஜீவித்திருந்தனர். நம்பிக்கைக்கு இது இடந்தருகிறது. 12 பேரைக் கொண்டு மருந்து கண்டாகிவிட்டது என்று முரசறைய முடியாது. ஆபத்தும் இல்லாமலில்லை. வேறொரு நரம்பு நோய்க்காக மாஸ்கோவில் இத்தகைய ஊசி போடப்பட்ட இஸ்ரேல் தேசத்துச் சிறுவன் ஒருவனுக்கு, அந்த அணுக்களிலிருந்தே மூளையில் கட்டி முளைத்ததாக 2009-ல் வைத்தியர்கள் எழுதினார்கள்.

ஆகவேதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அனுமதி பெற்ற பரிசோதனைக்கு வெளியே இச்சிகிச்சையை அளிப்பது முறையன்று என்று 2017-ம் ஆண்டு விதிகளில் அறிவித்திருக்கிறது. யாரேனும் ஆசை காட்டினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது இந்தியப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவானதா? ஒழுக்கநெறிக் குழுவின் சம்மதம் பெற்றதா? இதற்கு எம்மிடம் பணம் கேட்பது ஏன்? ஆராய்ச்சிக்கு உடம்பைத் தரும் நோயாளியிடம் கூலி வாங்குவது ஆராய்ச்சியாகாது, வியாபாரம்.

முறையான வைத்தியத்துக்கு நம் நாட்டில் குறைவில்லை. பாரத தேசத்தின் முதல் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரிலேதான் தொடங்கினார். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் நிறுவிய புற்றுநோய் நிலையம் இன்றும் இயங்குகிறது. காணி பூமியை விலைபேசுமுன் இத்தகைய இடங்களில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். இன்று எலிகளிடம் பலித்த முறை நாளை மனிதருக்கும் பலிக்கலாம்; அதைப் பலிக்கச் செய்யும் விஞ்ஞானி நம் ஊர்ப் பள்ளியிலிருந்தே புறப்படட்டும். அதுவரையில் ஆசை வார்த்தைக்கு ஒரு குடும்பமும் இரையாகாதிருக்கட்டும்.