வயிறு சமர்த்தாக இருந்தாலும் கோதுமையைச் சந்தேகப்படலாம்!

மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையா? டாக்டரிடம், ‘சீலியாக் டெஸ்ட் எடுக்கலாமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் புரதம்தான் குளூட்டன். சீலியாக் நோய் இருப்பவர்கள் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். பிறகு இரும்பும் கால்சியமும் உடலில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, உப்புசம் வந்தால் எளிதில் சந்தேகம் வரும். வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாமல் தீராத ரத்தசோகையும் அசதியும் மட்டும் வந்தால்? ‘வேலை அதிகம்’ என்று விட்டுவிடுகிறோம்.

அடிக்கடி வரும் வாய்ப்புண், இளவயதிலேயே எலும்புத் தேய்மானம், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு... இவையும் அறிகுறிகளாகலாம். குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராதபோது ‘எங்க பரம்பரையே குள்ளம்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். முழங்கை, முழங்கால், பிட்டத்தில் கடும் அரிப்போடு வரும் கொப்புளங்களுக்கு வெறும் களிம்பு தடவிக்கொண்டிருப்போம். எல்லாவற்றுக்கும் கோதுமைதான் காரணம் என்பதில்லை, ஆனால், சோதித்துவிடலாம்.

அதற்குள் சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள்! கோதுமை சாப்பிட்டுவரும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். டைப் 1 சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கும், சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல்.

நோய் உறுதியானால் பரோட்டா, ரவை, சேமியாவுக்கு ஆயுள் முழுக்கத் தடைதான். அரிசி, கேழ்வரகு, கம்பு தாராளமாகச் சாப்பிடலாம். கடைப் பெருங்காயத்தில்கூட மைதா கலப்பதுண்டு; டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.