கன்ட்ரி கிளப் பரிமாறுநர்களின் டிப்ஸ் வருமானம்

கன்ட்ரி கிளப் பரிமாறுநர்களின் டிப்ஸ் வருமானம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் கன்ட்ரி கிளப் எனப்படும் உறுப்பினர் கழகங்களில் உணவும் பானமும் பரிமாறும் பணியாளர்கள் தமது மணிநேர ஊதியத்துக்கு மேல் பெறும் தொகையைக் குறிக்கும். பொது உணவகங்களில் இத்தொகை பெரும்பாலும் வாடிக்கையாளர் தாமே விரும்பித் தரும் டிப்சாக வருகிறது. பல கன்ட்ரி கிளப்களில் கழகமே பற்றுச்சீட்டில் சேர்க்கும் சேவைக் கட்டணம் அதன் இடத்தில் உள்ளது. பணம் செலுத்தும் உறுப்பினருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் நடுவண் அரசின் சட்டப்படி டிப்ஸ் பணியாளருக்கு உரியது; சேவைக் கட்டணம் முதலாளிக்கு உரியது. பரிமாறுநரின் வருமானம், வரி, மிகைநேர ஊதியம் ஆகிய மூன்றும் இவ்வேறுபாட்டைச் சார்ந்தே அமைகின்றன.

கன்ட்ரி கிளப்பின் அமைப்பு

கன்ட்ரி கிளப் என்பது பொதுவாக நகர்ப்புறத்தை ஒட்டி, கோல்ஃப் திடல், டென்னிஸ் களம், நீச்சல் குளம், உணவுக்கூடம் ஆகியவற்றுடன் அமைந்த தனியார் கழகம் ஆகும். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில் 1882ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட "தி கன்ட்ரி கிளப்" இவ்வகைக் கழகங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகும்.

உறுப்பினர்கள் நுழைவுக் கட்டணமும் மாதச் சந்தாவும் செலுத்துகின்றனர். பல கழகங்களில் ஒவ்வொரு மாதமும் அல்லது காலாண்டும் குறிப்பிட்ட தொகைக்கேனும் உணவு உண்ண வேண்டும் என்ற விதியும் உண்டு. உண்ணாவிட்டாலும் அத்தொகை கணக்கில் சேர்க்கப்படும். உணவு முடிந்ததும் உறுப்பினர் சீட்டில் கையொப்பம் இடுவார். பணம் மாத இறுதியில் வசூலிக்கப்படும். இம்முறையால் உணவுக்கூடத்தில் ரொக்கம் கைமாறுவது குறைவு.

ரொக்க டிப்சை முற்றிலும் தடை செய்யும் கழகங்களும் பல உள்ளன. உறுப்பினர் தம் சொந்தக் கழகத்தில் ஒவ்வொரு முறையும் டிப்ஸ் தரவேண்டிய கட்டாயத்தை உணரக்கூடாது என்பதும், அதிகம் தருபவருக்கு மட்டும் தனிக் கவனிப்பு கிடைத்துவிடக்கூடாது என்பதும் இதற்குக் கூறப்படும் காரணங்கள். டிப்ஸ் மீதான எதிர்ப்பு அமெரிக்காவில் புதிதன்று. 1909ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலம் தொடங்கி ஆறு மாநிலங்கள் டிப்சைத் தடைசெய்து சட்டம் இயற்றின. அவை அனைத்தும் 1926ஆம் ஆண்டுக்குள் நீக்கப்பட்டன.

வருமானம் வரும் வழிகள்

* சேவைக் கட்டணம்: உணவு, பான விலையில் 18 அல்லது 20 விழுக்காடு போன்ற ஓர் அளவு தானாகவே சேர்க்கப்படுவது. இதில் எவ்வளவு பரிமாறுநருக்குப் போகும் என்பதைப் பொதுவாகக் கழகமே முடிவு செய்கிறது.
* கூடுதல் டிப்ஸ்: அனுமதி உள்ள கழகங்களில் உறுப்பினர் தாமே சீட்டில் எழுதும் தொகை.
* விருந்துகள்: திருமணம், கோல்ஃப் போட்டி, நிறுவன விருந்து போன்றவை. ஒரே இரவில் பெருந்தொகை வசூலாவதால் சேவைக் கட்டணமும் பெரிதாக இருக்கும்.
* பான வண்டியும் குளக்கரைச் சிற்றுண்டிச்சாலையும்: கோல்ஃப் திடலில் வண்டியில் பானம் விற்பவர்களுக்கு, குறிப்பாக விருந்தினர்களிடமிருந்து, ரொக்கமாக டிப்ஸ் கிடைப்பதுண்டு.
* ஆண்டிறுதி நிதி: டிப்ஸ் தடை உள்ள பல கழகங்களில் கிறித்துமசை ஒட்டி உறுப்பினர்களிடம் நன்கொடை திரட்டி, பணிபுரிந்த காலம் அல்லது மணிநேர அளவில் பணியாளர்களுக்குப் பகிர்ந்தளிப்பர்.

டிப்சும் சேவைக் கட்டணமும்

உள்நாட்டு வருவாய்ச் சேவை எனப்படும் நடுவண் வரித்துறை 2012ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒரு தொகை டிப்ஸ் தானா என்பதை நான்கு கூறுகளைக் கொண்டு பார்க்க வேண்டும்.

1. அது கட்டாயம் இன்றித் தரப்பட்டிருக்க வேண்டும்.
2. எவ்வளவு என்பதை வாடிக்கையாளரே தடையின்றி முடிவு செய்ய வேண்டும்.
3. அது பேரத்துக்கோ முதலாளியின் விதிக்கோ உட்பட்டிருக்கக் கூடாது.
4. யாருக்குச் சேரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பொதுவாக வாடிக்கையாளரிடம் இருக்க வேண்டும்.

சீட்டில் தானாகச் சேரும் 20 விழுக்காடு இவற்றில் தேறாது. எனவே அதற்கு எப்பெயர் இட்டாலும், வரிக் கணக்கில் அது சேவைக் கட்டணமே.

எடுத்துக்காட்டாக, 2,000 டாலர் விருந்து ஒன்றுக்கு 20 விழுக்காடு, அதாவது 400 டாலர், சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். இது டிப்சாக இருந்தால் 400 டாலரும் பணியாளர்களுக்கே சேரவேண்டும். சேவைக் கட்டணமாக இருந்தால், நடுவண் சட்டப்படி கழகம் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பகுதியைப் பகிரலாம். அல்லது அதைக் கொண்டு உயர்ந்த மணிநேர ஊதியம் தரலாம். விருந்தளித்த உறுப்பினரோ, 400 டாலரும் பரிமாறியவர்களுக்கே போய்விட்டது என்று எண்ணி மேற்கொண்டு எதுவும் தராமல் போகக்கூடும்.

சில மாநிலங்களின் சட்டம் இதைவிடக் கடுமையானது. மாசச்சூசெட்சில் சேவைக் கட்டணம் என வசூலிக்கப்படும் தொகை பரிமாறும் பணியாளர்களுக்கே சேரவேண்டும். நிர்வாகக் கட்டணம் ஒன்றைக் கழகம் வைத்துக்கொள்ள விரும்பினால், அது டிப்ஸ் அன்று என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும், விருந்துக் கப்பல் நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2008ஆம் ஆண்டு, வாடிக்கையாளர் டிப்ஸ் என்று நியாயமாக நம்பக்கூடிய கட்டாயக் கட்டணத்தை முதலாளி வைத்துக்கொள்ள இயலாது என்ற கருத்தை ஏற்றது.

குறைந்தபட்ச ஊதியம்

1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரநிலைச் சட்டம் 1966இல் திருத்தப்பட்டபோது, டிப்சின் ஒரு பகுதியை ஊதியத்தில் வரவு வைத்துக்கொள்ளும் உரிமை முதலாளிக்கு அளிக்கப்பட்டது. மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் பெறும் பணியாளருக்கு, மணிக்கு 2.13 டாலர் மட்டும் ஊதியமாகத் தந்தால் போதும். இந்த அளவு 1991 முதல் மாறவில்லை. பொதுவான நடுவண் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் 7.25 டாலர் ஆகும். இரண்டுக்கும் இடைப்பட்ட 5.12 டாலரை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் முதலாளியே ஈடுசெய்ய வேண்டும்.

வாரம் 40 மணிநேரம் உழைப்பவருக்கு 2.13 டாலர் வீதம் ஊதியம் 85.20 டாலர். 7.25 டாலர் வீதம் அது 290 டாலர். அதாவது வாரத்துக்கு 204.80 டாலர் டிப்சிலிருந்து வரவேண்டும். டிப்ஸ் தடை உள்ள கழகம் இவ்வரவைப் பயன்படுத்த இயலாது. முழுக் குறைந்தபட்ச ஊதியத்தையும் தரவேண்டும். எனினும், தான் பகிர்ந்தளிக்கும் சேவைக் கட்டணத்தை அந்த ஊதியத்தில் சேர்த்துக் கணக்கிடலாம். அவ்வாறு பகிரப்படும் தொகை, டிப்சைப் போலன்றி, மிகைநேர ஊதிய விகிதத்தைக் கணக்கிடும்போதும் சேர்க்கப்பட வேண்டும்.

கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய மாநிலங்களில் டிப்சை ஊதியத்தில் வரவு வைக்க அனுமதி இல்லை.

பங்கீடு

டிப்சை ஒன்றுசேர்த்துப் பரிமாறுநர், மேசை துடைப்பவர், மது ஊற்றுபவர் ஆகியோர் பகிர்ந்துகொள்வது வழக்கம். முழுக் குறைந்தபட்ச ஊதியம் தரும் இடங்களில் சமையற்காரர்களையும் பாத்திரம் கழுவுவோரையும் நடுவண் சட்டப்படி இதில் சேர்க்கலாம். பணியாளர்களின் டிப்சில் முதலாளியோ மேலாளரோ மேற்பார்வையாளரோ பங்கு வைத்துக்கொள்வதை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்தது.

பரிமாறுநர் எம்முறையில் உழைத்தால் வருமானம் கூடும் என்பதையும் பங்கீட்டு முறையே தீர்மானிக்கிறது. தனித்தனி விற்பனைக்கேற்பப் பகிர்ந்தால், நல்ல திராட்சைமதுவையும் இனிப்பு வகைகளையும் பரிந்துரைக்கத் தெரிந்தவர் அதிகம் பெறுவார். மணிநேர அடிப்படையில் பகிர்ந்தால், விருந்து நாட்களில் கூடுதல் நேரம் பணிபுரிபவர் அதிகம் பெறுவார்.

வரி

மாதம் 20 டாலர் அல்லது அதற்கு மேல் டிப்ஸ் பெறும் பணியாளர், அத்தொகையை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். பகிரப்படும் சேவைக் கட்டணம் ஊதியமாகவே கருதப்பட்டு, வரி பிடித்தம் செய்யப்படும்.

2025ஆம் ஆண்டு சூலையில் நிறைவேறிய சட்டம், 2025 முதல் 2028 வரையிலான வரி ஆண்டுகளில், தகுதியுள்ள டிப்சில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள இடமளித்தது. வருமானம் 150,000 டாலரைத் தாண்டும்போது இச்சலுகை குறைகிறது. விரும்பித் தரப்படும் டிப்சுக்கு மட்டுமே இது பொருந்தும். தானாகச் சேரும் சேவைக் கட்டணத்துக்குப் பொருந்தாது. இதனால் ஒரே அளவு தொகை பெறும் உணவகப் பரிமாறுநரும் கழகப் பரிமாறுநரும் வெவ்வேறு அளவு வரி செலுத்த நேரிடலாம்.

பணித்திறன்

கழகத்துக்கு வருபவர்கள் ஆண்டுக்கணக்கில் வரும் அதே குடும்பத்தினர். ஆகையால் உறுப்பினர் பெயர், வழக்கமாக அருந்தும் பானம், விரும்பும் மேசை, ஒவ்வாத உணவு ஆகியவற்றை நினைவில் வைத்திருப்பது இப்பணியின் முதன்மைத் திறனாகும். இதன் பலன் ஓர் இரவின் டிப்சில் தெரிவதைவிட, ஆண்டிறுதி நிதியிலும் மறுபருவப் பணியழைப்பிலும் தெரியக்கூடும். டிப்ஸ் கேட்பதும் குறிப்பாக உணர்த்துவதும் பெரும் தவறாகக் கருதப்படும்.

வட மாநிலங்களில் கோல்ஃப் பருவம் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலும், புளோரிடாவில் குளிர்காலத்திலும் உச்சத்தில் இருக்கும். எனவே பருவத்துக்கேற்ப இடம் மாறிப் பணிபுரிவோரும் உள்ளனர்.

பணியில் சேருமுன் அறியவேண்டியவை

* ரொக்க டிப்சுக்கு அனுமதி உண்டா?
* சேவைக் கட்டணத்தில் பரிமாறுநருக்குச் சேரும் பங்கு எவ்வளவு? அது எழுத்தில் உள்ளதா?
* விருந்துகளுக்கும் அதே பங்கீடு பொருந்துமா?
* ஆண்டிறுதி நிதி, பருவத்தின் இடையில் விலகியவருக்கும் கிடைக்குமா?

மணிநேர ஊதியம் குறைவாகத் தோன்றும் கழகம் இவ்விடைகளால் நல்ல வருமானம் தருவதாகவும், சீட்டில் 20 விழுக்காடு காட்டும் கழகம் பரிமாறுநருக்குச் சிறிதே தருவதாகவும் இருக்கக்கூடும்.