பணிவிடை செய்பவளின் சரீரம்

மலேசியாவின் தங்கா பத்து வட்டாரத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தலைமுறை இன்று முதுமை எய்தி, பக்கவாதத்தாலும் இனிப்புநீராலும் படுக்கையில் விழுந்து, மகளையோ மருமகளையோ நம்பி நாள் கழிக்கும் வீடுகளில், மருந்தும் அனுதாபமும் நோயாளியையே சென்றடைய, நள்ளிரவில் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் அந்தப் பெண்ணின் சரீரத்தில் என்ன நிகழ்கிறது என்று விசாரிப்பார் அரியர். அவளுக்கு ஓயாமல் சளி பிடிப்பதையும், காய் நறுக்கும்போது பட்ட கீறல் ஆறாமல் இழுத்தடிப்பதையும் வயதின் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறோம்; அவளுடைய ஓயாத கவலைக்கும் அதில் பங்குண்டு.

அச்சம் மனத்தைப் பற்றிய மாத்திரத்தில், சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளிலிருந்து முதலில் அட்ரினலினும், சற்றுப் பின்னே கார்ட்டிசோலும் இரத்தத்தில் கலக்கின்றன. பாம்பைக் கண்டு துள்ளி விலகும் சில நிமிஷங்களுக்கு இது பேருபகாரம். வெள்ளணுக்கள் பெருகி வந்து, நேரக்கூடிய காயத்துக்குச் சித்தமாகின்றன. மாதக்கணக்கில் வற்றாத கவலையோ இதற்கு நேர்விரோதமானது. 1936-ல் ஹான்ஸ் செல்யே என்னும் ஆராய்ச்சியாளர், இடையறாத துன்பத்துக்கு உள்ளான எலிகளில் அட்ரினல் வீங்குவதையும், நோயெதிர்ப்பு அணுக்கள் முதிரும் தைமஸ் சுருங்குவதையும் கண்டு எழுதினார்.

மனிதரிடத்தில் இதைப் பிரத்தியட்சமாகக் காட்டியது, அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் நடத்தி 1995-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. நினைவிழந்த உறவினரைப் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும், அதே வயதும் வருமானமும் கொண்டு அப்பாரமில்லாத 13 பெண்களுக்கும், முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு புண் ஏற்படுத்தி, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்கிறதா என்று பார்த்து வந்தார்கள். நுரை நின்றால் ஆறியது என்று பொருள். பாரமில்லாதவர்களுக்குச் சராசரி 39 நாள். பராமரித்தவர்களுக்கு ஏறக்குறைய 49. புண்ணை ஆற்றத் தொடங்கும் இன்டர்லூக்கின் என்னும் தூதுப்பொருளை அவர்களுடைய வெள்ளணுக்கள் குறைவாகவே உற்பத்தி செய்தன. அவ்வுற்பத்தியை அடக்குவது கார்ட்டிசோலின் இயல்பு.

அடக்குவதோடு விஷயம் முடிவதில்லை. கவலை நீடித்தால் அவ்வணுக்கள் கார்ட்டிசோலுக்கே செவிசாய்க்காமல் போக, தணிய வேண்டிய அழற்சி தணியாமல் தொடர்வதையும் பின்னாளைய ஆராய்ச்சிகள் கண்டன.

அதே குழுவினர் 1996-ல், இவ்வாறு பராமரிப்போருக்கு இன்புளுவென்சா தடுப்பூசியும் முழுப் பலன் தருவதில்லை என்று காட்டினார்கள். ஆகவே, தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் வைத்து அரசு கிளினிக்குக்குத் தள்ளி வரும் மகளிடமும், இரவில் உறக்கம் உண்டா, பாரத்தைப் பகிர்ந்துகொள்ள அண்ணன் தம்பி எவரேனும் உண்டா என்று மருத்துவர் கேட்டாக வேண்டும். இல்லையென்று அவள் சொன்னால், அதையும் நோய்க்குறிப்பில் எழுத வேண்டும்.