அணில் கதை முடிந்த வயதில்

ராமேஸ்வரம் போய்வரும் குடும்பங்களில் குழந்தைக்கு முதலில் சொல்லப்படுவது அணில் கதை. வானரங்கள் மலைகளைப் பெயர்த்துக் கடலில் போட, ஒரு சிறு அணில் நனைந்த உடம்போடு மணலில் புரண்டு, ஒட்டிய மணலை அணையில் உதறிவிட்டு ஓடுகிறது. ராமன் தடவிக்கொடுக்க முதுகில் மூன்று கோடு. ஆறு வயதுக்கு இதைவிட நல்ல கதை கிடைப்பது கஷ்டம். பதினாலு வயதுக்கு இது போதாது. பெரியவர்களுக்கு உதவினால் பாராட்டு உண்டு என்பதை அதற்குள் பிள்ளைகள் கேட்டு அலுத்திருப்பார்கள். அந்த வயதில் மனசை அரிக்கும் கேள்விகள் வேறு: பெற்றவர் பக்கமா, நம்பியவர் பக்கமா? இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தால் எங்கே நிற்பது? ஆங்கிலத்தில் இந்த வயதினருக்காகவே பழைய சிறுவர் கதைகளை மாயப் புனைவாகத் திருப்பி எழுதும் வகை ஒன்று செழித்திருக்கிறது. மரிஸ்ஸா மேயரின் ‘சிண்டர்’ (2012) சிண்டரெல்லாவைப் பாதி இயந்திரமான பெண்ணாக்கியது. இன்னும் கொஞ்சம் சின்னப் பிள்ளைகளுக்காக ரோஷனி சோக்‌ஷி 2018இல் பாண்டவர் கதையை அமெரிக்கப் பள்ளிச் சிறுமியிடம் கொண்டுவந்தார். சேது கட்டிய கதையும் தமிழில் அப்படி எழுதப்பட வேண்டும், அதற்கான சரக்கை வெளியில் தேட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

புனிதமான கதையில் கை வைக்கலாமா என்ற கேள்வி உடனே வரும். அதற்குப் பதில் அந்த அணிலிடமே இருக்கிறது. வால்மீகியில் அணில் கிடையாது. அங்கே விசுவகர்மாவின் மகன் நளன் நூறு யோசனை நீள அணையை ஐந்தே நாளில் கட்டி முடிக்கிறான். நாளுக்கு எத்தனை யோசனை என்ற கணக்குகூட உண்டு. கம்பனின் சேதுபந்தனப் படலத்திலும் அணிலைக் காணோம். தமிழில் அதைப் பார்ப்பது தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில். பக்தி மிகுந்த ஒரு மனம் காவியத்துக்குள் ஓர் உயிரைச் சேர்த்தது, இன்று அந்த உயிர் இல்லாமல் கதையே இல்லை. ராமேஸ்வரம் தலபுராணமும் இதே வழியில் வந்ததுதான். லிங்கம் கொண்டுவரக் கயிலைக்குப் போன அனுமன் வரத் தாமதமாக, சீதை மணலைக் குவித்து லிங்கம் செய்கிறாள். திரும்பிவந்த அனுமனுக்குக் கோபம், வாலால் கட்டி இழுத்தும் மணல் லிங்கம் அசையவில்லை. வால்மீகியில் இந்த விரிவு இல்லை. ஆனால் நிரம்ப அழகிய தேசிகரின் சேதுபுராணம் முதல் கோயில் வாசல் வழிகாட்டி வரை இங்கே சொல்லப்படுவது இதுவே. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தையும் பாருங்கள். அங்கே 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் ராமாயணக் காட்சிகள் இருக்கும் அதே கட்டடத்தில், மராட்டியரோடு போரிடும் சேதுபதியும் ஐரோப்பியரைச் சந்திக்கும் சேதுபதியும் இருக்கிறார்கள். சேதுவின் காவலன் என்று பட்டம் பூண்ட அரசர் தன் காலத்தையும் ராமன் காலத்தையும் ஒரே கூரைக்குக் கீழே வரைய வைத்ததில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி அந்தச் சரக்கு. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகித் திருவிழாக் கடைகளில் விற்ற மயில்ராவணன் கதையை எழுபது வயதுக்காரர்கள் பலர் படித்திருப்பார்கள். பாதாள இலங்கையின் அரசன் மயில்ராவணன், விபீஷணன் வேடத்தில் வந்து ராம லட்சுமணரைக் கடத்திப் போகிறான். மீட்கப் போகும் அனுமனைக் கோட்டை வாசலில் ஒரு காவல்காரன் தடுக்கிறான். பாதி வானரம், பாதி மீன், பெயர் மச்சவல்லபன். அனுமன் கடலைத் தாண்டியபோது விழுந்த வியர்வைத் துளியை ஒரு மீன் விழுங்கியதால் பிறந்தவன். அப்பன் யார் என்று கேள்விப்பட்டிருக்கிறான், முகம் பார்த்ததில்லை. இப்போது அந்த அப்பனே எதிரில் நிற்கிறார், விட்டால் எஜமானுக்குத் துரோகம். விடலைப் பருவத்தின் முழுச் சிக்கலும் ஒரு வாசலில் வந்து நிற்கிறது. இதற்கு மேல் ஒரு நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்? இந்தக் கதை கடல் கடந்தும் போயிருக்கிறது. முதலாம் ராமா மன்னர் காலத்தில், 1797இல் உருவான தாய்லாந்தின் ராமகியனில் மயில்ராவணன் மையராப் ஆகிறான், மகன் மச்சானு ஆகிறான். அங்கே அவன் பிறப்பு வியர்வையோடு நிற்கவில்லை. ராவணனின் மகளான சுவண்ணமச்சா என்ற மீன்கன்னி, போடும் கற்களையெல்லாம் தன் மீன்படையை விட்டுத் திருடி அணையைக் குலைக்கிறாள்; பிடிக்க இறங்கிய அனுமன் அவளிடம் மனம் கொடுக்கிறான். வளர்த்த மையராப்பைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத மச்சானு, பாதாளத்துக்கு வழி தாமரைத் தண்டில் இருக்கிறது என்பதை விடுகதையாக மட்டும் சொல்கிறான். காட்டியும் கொடுக்காமல் கைவிடவும் செய்யாத அந்த விடுகதை, சண்டைக் காட்சி எதையும்விட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சுவண்ணமச்சா இன்னொரு கதவையும் திறக்கிறாள்: அணையைக் கடலுக்குள்ளிருந்து பார்க்கலாம். திருப்புல்லாணியில் தர்ப்பைமேல் கிடந்து மூன்று இரவு காத்திருந்தும் கடலரசன் வராததால் ராமன் அம்பு தொடுத்தான். வெந்து துடித்தவை கடல் உயிர்கள். கம்பன் அதை மனமிளகிப் பாடியிருக்கிறான். அந்த உயிர்கள் வாழும் கடல் இன்றைக்கும் நம் கண்முன் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது. தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டியில் உப்புக்கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறுகிறது. பாம்பன் தீவுப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி எடுக்க முங்குகிறார்கள். இவ்வளவும் இருக்க, பனிமலையும் நெருப்புக் கக்கும் பறவைநாகமும் எதற்கு? ஓர் எச்சரிக்கை: 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பாதாள நகரமாக்கும் ஆசை எவருக்கும் வரும். அதை விட்டுவிடுவதே நல்லது. அங்கே இறந்தவர்களின் உறவினர்கள் இன்னும் அந்தக் கரையில் வாழ்கிறார்கள்.

அடுத்த ஆட்சேபம் கனமானது. சேது மணல்திட்டா, மனிதன் கட்டியதா என்ற சண்டை இந்தக் கடலில் ஓயவில்லை. 2005இல் தொடங்கிய சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2007இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது. இந்த நேரத்தில் இன்னொரு கற்பனையா, பிள்ளைகள் எதை நம்புவார்கள் என்று கேட்கலாம். குழப்புவது மாயக்கதையா என்பதே என் சந்தேகம். மீன்வால் கொண்ட பையன் வரும் கதையை எந்தச் சிறுவனும் வரலாறு என்று எடுத்துக்கொள்ள மாட்டான். அமீஷின் ராமர் வரிசைபோலக் கடவுளரை மனிதராக்கி, ஆட்சிமுறையும் அறிவியலும் கலந்து, ‘இப்படித்தான் நடந்திருக்கும்’ என்ற தொனியில் எழுதப்படும் நாவல்களே கதைக்கும் வரலாற்றுக்கும் இடையிலான கோட்டை அழிக்கின்றன. மாயம் தன்னை மாயம் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. பல கதைகளை ஒன்றாகக் கேட்டு வளர்வது குழப்பம் என்றால், ராமாயணக் கதையையும் நபிகளின் வாழ்க்கையையும் தாயும் பாட்டியும் இரவில் சொல்லக் கேட்டதாகச் சுயசரிதையில் எழுதிய ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் குழம்பியிருக்க வேண்டும்.

தமிழில் இந்த வயதுக்கு வாசகர் இல்லை என்று பதிப்பாளர்கள் சொல்வதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அம்புலிமாமாவிலிருந்து நேரே பொன்னியின் செல்வனுக்குத் தாவினார்கள். நடுவில் படி இல்லாததால் தாவினார்கள். தாவ முடியாதவர்கள் ஆங்கிலத்துக்குப் போனார்கள், அல்லது படிப்பதையே விட்டார்கள். மிச்சம் இருப்பது எதிர்ப்பு வருமோ என்ற பயம், அது நியாயமானதும்கூட. பெருமாள்முருகன் எழுத்தை நிறுத்துவதாக அறிவித்ததும், 2016இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திரும்பிவந்ததும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. ஆனால் ராமனையே கேள்வி கேட்ட புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943இல் கலைமகளில் வந்தது; அதைக் கி.வா.ஜ. போன்ற மரபறிஞர் நடத்திய பத்திரிகைதான் போட்டது. மச்சவல்லபனை எழுதுகிறவருக்கு அவ்வளவு துணிச்சல்கூடத் தேவையில்லை. அந்தப் பையனுக்கு ராமனோடு ஒரு வழக்கும் இல்லை, அப்பாவோடுதான் சண்டை.