புளிப்பை இனிப்பாக்கும் சிவப்புப் பழம்

நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் வாய் இனிக்கும். அந்த இனிப்பு நாலு மடக்குக்கு மேல் நிற்காது. மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் பழமோ இதே வித்தையை அரை மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை காட்டும். அதைச் சுவைத்த வாயில் எலுமிச்சைத் துண்டைப் போட்டால் முகம் சுளிக்காது. சர்க்கரைப் பாகில் ஊறிய எலுமிச்சையைத் தின்பதுபோல் இருக்கும்.

நைஜீரியாவின் யோருபா மக்கள் இதை அக்பாயுன் என்கிறார்கள். வெளியுலகில் மிராக்கிள் ஃப்ரூட் என்ற பெயரே நிலைத்துவிட்டது. கானா, பெனின், நைஜீரியா, கேமரூன் வட்டாரத்துச் செடி இது. சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்தது; நம் ஊர் இலுப்பையும் மகிழமும் இதற்கு உறவுதான். பெரும்பாலும் ஆளுயரம் அல்லது அதற்குச் சற்று மேல் வளரும். ஆண்டு முழுக்க இலை பசுமையாக இருக்கும். பூக்கள் சிறியவை, வெள்ளை. பழம் 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளத்தில், செக்கச்செவேல் என்று இருக்கும். தோலை நீக்கினால் உள்ளே பெரிய விதை ஒன்று. அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைச் சதை. அந்தச் சதைக்கென்று பெரிய ருசி கிடையாது. லேசான இனிப்பு, அவ்வளவுதான். முதல்முறை தின்பவர் 'இதற்கா இத்தனை பேச்சு' என்று கேட்பார். சதையை நாக்கு முழுக்கப் படும்படி ஓரிரு நிமிடம் உருட்டி, விதையைத் துப்பிவிட்டு, பிறகு புளிப்பாக எதையாவது தின்றால்தான் விஷயம் புரியும்.

அந்த ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கைப் பொருளாக மட்டும் இருந்ததில்லை. அன்றாடச் சாப்பாட்டோடு சேர்ந்தது. கானா பக்கம் கென்கே என்றொரு உணவு உண்டு. மக்காச்சோளத்தை ஊறவைத்து அரைத்து, மாவை நாள்கணக்கில் புளிக்கவிட்டு, உருட்டி, சோளத் தோகையிலோ வாழை இனத்து இலையிலோ பொதிந்து வேகவைப்பார்கள். செய்த அன்றே அதற்கு ஒரு புளிப்பு இருக்கும். பழசாகப் பழசாகப் புளிப்பு ஏறும். கள்ளும் அப்படித்தான். இறக்கியபோது இனிக்கும் கள் நேரம் போகப்போகக் கடுத்துவிடும். தானியத்தில் காய்ச்சும் பிட்டோ என்ற பானமும் புளிக்கும். இவற்றுக்கு முன்னால் இரண்டு மூன்று பழத்தை வாயில் போட்டு மென்றுகொண்டால் புளித்ததும் இனிக்கும், சாப்பாடும் வீணாகாது. 1725-இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போன பிரெஞ்சுக்காரர் ஷெவாலியே தெ மார்ஷே இந்தப் பழக்கத்தை எழுதிவைத்தார். 1852-இல் டேனியல் என்ற ஆங்கிலேய மருத்துவர், பழைய கென்கேக்கும் புளித்த கள்ளுக்கும் பிட்டோவுக்கும் மக்கள் இதைப் பயன்படுத்துவதை இன்னும் விவரமாகப் பதிவு செய்தார். உணவில் எதையும் சேர்க்காமல் உண்பவரின் நாக்கைச் சரிக்கட்டிவிடும் இந்த உபாயம், என் கணக்கில், அந்தச் செடியைவிடப் பெரிய ஆச்சரியம்.

காரணம் 1968-இல்தான் தெரிந்தது. அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் தனித்தனியாக ஆராய்ந்தவர்கள் பழத்திலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு மிராகுலின் என்று பெயர் வைத்தார்கள். 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் அது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளில் இது போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது. அதனால்தான் வெறும் பழம் அவ்வளவாக இனிப்பதில்லை. வாயில் அமிலம் பட்டதும் அந்த ஏற்பிகளை அது கிளப்பிவிடுகிறது, மூளைக்கு 'இனிப்பு' என்று சேதி போகிறது. அமிலம் விழுங்கப்பட்டதும் அடங்குகிறது, அடுத்த புளிப்புக்கு மறுபடி விழிக்கிறது. நம் சிறுகுறிஞ்சான் இதற்கு நேர் எதிர். அதன் இலையை மென்றவருக்குச் சர்க்கரை மண்போல் இருக்கும்.

சர்க்கரைக்கு மாற்று கிடைத்துவிட்டது என்று வியாபாரிகள் கிளம்பாமல் இருப்பார்களா? அமெரிக்காவில் ராபர்ட் ஹார்வி என்பவர் 1970களில் இதற்கென்றே மிராலின் என்ற நிறுவனத்தை நடத்தினார். 1974-இல் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம், இதை உணவுச் சேர்க்கைப் பொருளாகத்தான் கருத முடியும், அதற்கான சோதனைகள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நிறுவனம் படுத்துவிட்டது. பின்னால் சர்க்கரைக் கம்பெனிகளின் கை இருந்தது என்ற பேச்சு இன்றும் உண்டு, நிரூபணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் உலர்த்திய பழத்துக்கு 2021-இல் அனுமதி கொடுத்தது. அனுமதி இருந்தாலும் பழம் வணிகத்துக்கு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. பறித்த இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். காய்ச்சினால் புரதம் சிதைந்து போகும், ஆகவே ஜாமும் செய்ய முடியாது, டப்பாவிலும் அடைக்க முடியாது. குளிரில் உறையவைத்து உலர்த்திய பொடியாகவும் மாத்திரையாகவும்தான் விற்கிறார்கள். வீட்டோரம் செடி வைத்து, சாப்பாட்டு நேரத்தில் பறித்து மென்ற கிராமத்தாருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சில சமயம் எதைத் தின்றாலும் இரும்பை நக்கியதுபோல் இருக்கும். அவர்களுக்கு இந்தப் பழம் உதவுமா என்று சிறிய அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். சர்க்கரை போடாமல் எலுமிச்சைச் சாறு குடிக்க உதவும், அவ்வளவே. இன்னொன்று: ஏமாறுவது நாக்கு மட்டும்தான். இனிக்கிறதே என்று எலுமிச்சையாகத் தின்று தீர்த்தால் அமிலம் அத்தனையும் பல்லிலும் வயிற்றிலும்தான் போய்ச் சேரும். அல்சர் உள்ளவர்கள் விளையாட்டுக்குக்கூட முயல வேண்டாம்.

கேரளத்து நர்சரிகளில் இப்போது இதன் கன்று கிடைக்கிறது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இதற்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும், சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்துவிடும். விதை போடுவதானால் பழத்திலிருந்து எடுத்த கையோடு ஊன்றுங்கள். காய்ந்த விதை முளைக்காது. விதையிலிருந்து வளர்த்தால் முதல் பழத்துக்கு மூன்று நான்கு ஆண்டாவது ஆகும்.